மடக்குக் கீல்: சரி செய்வதா, புதிதாகச் செய்து போடுவதா?

நீர்க்காகம்

வணக்கம். என்னிடம் இருப்பது 22 அடி பாய்மரப் படகு. படகின் அடியில் கனமாகத் தொங்கும் பலகையான கீல், மடக்கி உள்ளே ஏற்றும் வகை, வார்ப்பிரும்பு. எடை 250 கிலோ என்று பழைய காகிதத்தில் போட்டிருக்கிறது. வாங்கி இரண்டு பருவம் ஆகிறது. நங்கூரம் போட்டுப் படுத்தால் ராத்திரி முழுக்க டொக், டொக் என்று யாரோ அடியிலிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். அது பழகிவிட்டது. ஆனால் போன வாரம் கீல் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. வின்ச்சை (கேபிளைச் சுற்றிக் கீலைத் தூக்கும் உருளை) தளர்த்தினால் கேபிள்தான் தொய்கிறது, கீல் இறங்கவில்லை. அப்படியே கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான். துருப்பிடித்த இந்த இரும்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஃபைபரில் புதுக் கீல் செய்து உள்ளே ஈயம் வைத்துவிடலாம். படமே வரைந்துவிட்டேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழையமாலுமி

படம் இருக்கட்டும் தம்பி. தொய்ந்த கேபிளை முதலில் போய் இழுத்து விறைப்பாக்கு. இன்றைக்கே.

மாட்டிய கீல் ஏதோ ஒரு அலையில் தானாக விடுபடும். கேபிள் ஒரு முழம் தொய்ந்திருந்தால் 250 கிலோவும் அந்த ஒரு முழம் விழுந்துதான் நிற்கும். ஒன்று கேபிள் அறும், இல்லாவிட்டால் கீல் மடங்கி உள்ளே போகிற கீல் பெட்டி பிளக்கும். எனக்கு நடந்தது இரண்டாவது. படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது கணுக்கால் அளவு தண்ணீர்.

நீர்க்காகம்

போய் இழுத்துவிட்டேன் ஐயா. இரண்டு கை நீளத்துக்குத் தொய்வு இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஓடம்77

ஒரு சின்ன இடைச்செருகல், மன்னிக்கவும். தமிழில் கீல் என்றாலே மூட்டு, கதவுக் கீல். தார் என்றும் ஒரு பொருள் உண்டு. படகின் அடிக்கட்டைக்கு நம் ஆட்கள் வைத்த பேர் ஏரா. ஆக நீர்க்காகத்தின் கீல் ஒரு கீலில் தொங்குகிறது, அதற்குக் கீல் பூச வேண்டியிருக்கிறது. சரி, நீங்கள் தொடருங்கள்.

கடைசல்காரன்

ஓடம் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பத்தில் எட்டுப் பேர் கீல் கெட்டுவிட்டது என்று வருவார்கள். பார்த்தால் கீல் அல்ல, அது தொங்குகிற மூட்டுதான் கெட்டிருக்கும். அச்சாணி, அதன் துளை, இரண்டு பக்கத் தாங்கிகள். இரும்புப் பலகை மேலே செதில் செதிலாகப் பெயர்ந்து அசிங்கமாக இருக்கும், ஆனால் 40 மில்லி கனமுள்ள வார்ப்பில் மேலே ஒரு மில்லி போனால் என்ன ஆகிவிடும்?

அந்த டொக் சத்தத்தைக் கொஞ்சம் கணக்காகப் பாருங்கள். அச்சாணி உட்காரும் இடத்தில் கீலின் அகலம் 40 மில்லி, கீழே நுனி வரை நீளம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துளை வெறும் ஒரு மில்லி தளர்ந்தாலே நுனி பக்கவாட்டில் 37 மில்லி ஆடும். ஒரு மில்லிக்கு இரண்டு விரல்கடை! அலை ஒவ்வொரு தடவை படகைச் சாய்க்கும்போதும் அத்தனை கனமும் போய்ப் பெட்டிச் சுவரில் இடிக்கிறது. உங்களைத் தூங்கவிடாதது அதுதான்.

படகைத் தரைக்கு ஏற்றியதும், கீலைப் பாதி இறக்கி, நுனியைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அப்புறம் ஒரு கட்டையைக் கொடுத்து மேலே நெம்புங்கள். மேலும் கீழும் ஆடினால் துளை தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் தாங்கிக்கும் கீலுக்கும் நடுவே வாஷர் வைத்து இடைவெளியை அடைத்தாலே போதும். ஆட்டும்போது ஆளோ காலோ கீலுக்கு அடியில் வேண்டாம்.

ஈயக்குண்டு

எல்லாம் சரி. ஆனால் நீர்க்காகம் கேட்டது மாற்றலாமா என்று. நான் மாற்றுவதன் பக்கம். இரும்பை என்னதான் பூசினாலும் மூன்று பருவத்தில் மறுபடி துரு. ஈயம் துருப்பிடிக்காது, அடர்த்தி 11.3, வார்ப்பிரும்புக்கு 7.2 தான். அதே வடிவத்தில் அதிக கனம், படகு இன்னும் விறைப்பாக நிற்கும். கனம் வேண்டாம் என்றால் நுரைப் பலகையை உள்ளே வைத்து மேலே ஃபைபர் சுற்றலாம், தூக்குவதற்கும் சுலபம்.

அரைப்பாய்

கடைசி வரிக்கு மட்டும் முதலில் பதில். 250 கிலோ வார்ப்பிரும்பு என்றால் கன அளவு 35 லிட்டர். நுரையில் செய்தால் அது தண்ணீரில் மிதக்கும். வின்ச்சை அவிழ்த்தால் இறங்கவே இறங்காது, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். சிறு பந்தயப் படகுகளில் பலகை மிதப்பதும் உண்டு, ஆனால் அங்கே படகை நிமிர்த்துவது ஓரத்தில் தொங்கும் ஆட்கள். இந்தப் படகை நிமிர்த்துவது கீலின் எடைதான். அதை எடுத்துவிட்டால் அது வேறு படகு.

அதே 35 லிட்டரை முழுக்க ஈயத்தில் வார்த்தால் 390 கிலோவுக்கு மேல் வரும். வின்ச், கேபிள், தாங்கி, தாங்கியைப் பிடித்திருக்கும் போல்ட் எல்லாமே 250 கிலோவுக்குப் போட்டவை. படகும் அந்த அளவு கூடுதலாக அமுங்கி நிற்கும்.

எடை மாறாமல் ஈயத்துக்குப் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய 20 லிட்டர் ஈயம், மிச்சம் 15 லிட்டர் ஃபைபர். காகிதத்தில் வருகிறது. ஆனால் ஈயம் மெத்தென்றது. அச்சாணித் துளையை அதில் போட முடியாது, கேபிள் கொக்கியை மாட்ட முடியாது. கீல் பக்கவாட்டில் வளையும்போது தாங்க வேண்டியது முழுக்க ஃபைபரும் உள்ளே வைக்கிற எஃகுச் சட்டமும்தான். அந்தக் கணக்குக்கு ஐஎஸ்ஓ 12215-9 என்று ஒரு தரவிதியே இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் கண்மதிப்பில் செய்கிற காரியமில்லை. ஈயம் உருகுவது 327 டிகிரியில். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்துக்கு வீசும். ஈயப்புகையும் தூசியும் வேறு.

ஈயக்குண்டு

நுரை விஷயத்தில் தோற்றேன். ஈயத்தில் தோற்கவில்லை, ஒத்திவைக்கிறேன்.

பழையமாலுமி

ஏற்றி இறக்கும் கீல் ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. 1798இல் கட்டிய லேடி நெல்சன் என்ற கப்பலுக்கு அப்படி மூன்று கீல்கள் இருந்தன. அதை வைத்துத்தான் ஆழமில்லாத ஆஸ்திரேலியக் கரையோரத்தை அளந்தார்கள். அப்போதும் இதே தலைவலி இருந்திருக்கும், இப்படி மன்றத்தில் இழை போட இடம்தான் இல்லை.

தம்பி, கீலை இறக்கும்போது சில விஷயம். படகைப் பட்டையில் தூக்கி, கீலை மெல்ல இறக்கி, மரத் தொட்டிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் தாங்கி போல்ட்டைத் தொட வேண்டும். கீலை நகர்த்த முயலாதே. கீல் இருந்த இடத்தில் இருக்கட்டும், படகை அதன்மேலிருந்து தூக்கி எடு. ஜாக்கி மட்டும் வைத்து நம்பி உள்ளே தலையை விடாதே, இரண்டு பக்கமும் கட்டை அடுக்கு. ஓரத்தில் நிற்கும் கீலுக்குச் சாய்ந்து படுக்க ஆசை அதிகம்.

கழற்றிய கையோடு கீல் பெட்டியின் உள் அகலத்தையும் கீலின் கனத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள். வின்ச்சிலிருந்து பெட்டிக்குப் போகும் ரப்பர் குழாயையும் அதன் கிளிப்பையும் மாற்று. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டை அது, எல்லோரும் மறப்பது.

நீர்க்காகம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கீல் கீழே வந்துவிட்டது. நாலு பேர், ஒரு செயின் பிளாக், ஒரு முழு நாள்.

மாட்டிக்கொண்டதற்குக் காரணம் துருதான். பெட்டிக்குள் தட்டிவிட்டதும் பலகை பலகையாக உதிர்ந்தது. ஒரு துண்டு என் உள்ளங்கை அளவு, விரல் கனம். அடுக்கடுக்காகப் பிரிக்க முடிந்தது. இடையிடையே படகடியில் ஒட்டி வளரும் கொட்டலசின் ஓடும் சேறும். மெல்லிய இரும்பிலிருந்து இவ்வளவு துரு எப்படி வந்தது என்று புரியவில்லை. துருவைத் தட்டி எடுத்தபின் உள்ளே கீல் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது.

அச்சாணியைப் பார்த்ததும்தான் கை நடுங்கியது. 25 மில்லி ஆணி, தாங்கி உட்காரும் இரண்டு இடத்திலும் பள்ளம் விழுந்து 22 மில்லியாகிவிட்டது. கத்தியால் சுரண்டினால் மஞ்சளாக இல்லை, ரோஸ் நிறத்தில் பொலபொலவென்று உதிர்கிறது. துளை முட்டை வடிவம். குறுக்கே 25.5, நெடுக்கே 29.

கடைசல்காரன்

அது பித்தளை ஆணி. கடல்நீர் பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும், மிச்சம் நிற்பது செம்பு பஞ்சு. அந்த ரோஸ் நிறம் அதுதான். வெளியே பார்க்க முழு ஆணி மாதிரியே இருக்கும், ஒரு நாள் பட்டென்று முறியும். யாரோ முந்தைய சொந்தக்காரர் கையில் கிடைத்ததைக் கடைந்து போட்டிருக்கிறார்.

புது ஆணிக்குச் சிலிக்கான் வெண்கலம் அல்லது அலுமினியம் வெண்கலம் கேளுங்கள். எவர்சில்வர் 316 என்று சொல்வார்கள். அதற்குத் துருவைத் தடுக்கும் மேல்தோல் நிற்க ஆக்சிஜன் வேண்டும். மூட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் அது கிடைக்காது, இடுக்கில் ஊசி குத்தின மாதிரி அரிக்கும். போட்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வருடா வருடம் கழற்றிப் பார்ப்பவர்கள்.

இப்போது துளை. தேய்ந்தது மேல்பக்கம் மட்டும்தான், கீல் அங்கேதான் தொங்குகிறது. 29 தானே, 30க்குக் கடைந்துவிடலாம் என்று லேத்காரர் சொல்வார். அப்படிச் செய்தால் துளையின் மையம் மேலே நகர்ந்துவிடும். தேயாத கீழ் வளைவை வைத்துப் பழைய மையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 34 மில்லிக்குக் கடையச் சொல்லுங்கள். மேலே தேய்ந்த 3.5 மில்லியும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். உள்ளே 34 வெளி, 25 உள் அளவில் அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு புஷ் (துளைக்குள் செருகும் குழாய்). நைலான் வேண்டாம், தண்ணீரைக் குடித்து ஊதி ஆணியைக் கவ்விக்கொள்ளும். அசிட்டால் அவ்வளவு ஊதாது. இன்னொரு லாபம், வெண்கலமும் இரும்பும் நேராகத் தொடாது. தொட்டால் கடல்நீரில் இரண்டும் பேட்டரி ஆகி, இரும்புதான் கரையும்.

ஓடம்77

250 கிலோவைத் தூக்கிக்கொண்டு லேத்துக்குப் போக வழியில்லாதவர்களுக்கு: நான் துளையைச் சுத்தமாகத் தேய்த்து, புது ஆணிக்கு நன்றாக மெழுகு தடவி, சரியான மையத்தில் கட்டி நிறுத்தி, சுற்றிலும் கிராஃபைட் தூள் கலந்த கெட்டி எபாக்ஸியை அடைத்தேன். இறுகியபின் ஆணியைத் தட்டினால் வந்துவிட்டது. ஆறு பருவமாக ஓடுகிறது. மெழுகில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

நீர்க்காகம்

லேத்துக்கே கொண்டுபோனேன், 34க்குக் கடைந்தாயிற்று. அடுத்தது துரு. ஒரு பட்டறையில் மணல் அடித்து அன்றே பிரைமர் பூசித் தருவதாகச் சொன்னார்கள். மறுநாள் பார்த்தால் பிரைமருக்கு மேலே குட்டிக் குட்டியாகப் பழுப்புப் புள்ளிகள், வியர்த்த மாதிரி. பிரைமர் மட்டமா?

அரைப்பாய்

பிரைமர் மேல் தப்பில்லை. உப்பு. வார்ப்பிரும்பின் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கிறது. மணல் அடித்தால் குழியின் வாய் பளபளக்கும், அடியில் உப்பு அப்படியே இருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி துருவை ஆரம்பிக்கும். நீங்கள் முன்பு கேட்டதற்கும் இதோ பதில்: துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் உள்ளங்கை அளவு பலகைகள், அதனால்தான் கீல் மாட்டியது. பூச்சுக்கு அடியில் துரு ஊதினால் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

செய்ய வேண்டியது அலுப்பான வேலை. மறுபடி மணல் அடியுங்கள். அழுத்தமான நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒரு ராத்திரி விடுங்கள், எங்கே உப்பு மிச்சமிருக்கிறதோ அங்கே கறுப்பாகப் பொட்டு வைக்கும். மறுபடி கழுவி மறுபடி மணல். பொட்டு வராத நாளில், காற்றில் ஈரம் குறைந்த நேரம் பார்த்து, மணல் அடித்த சில மணி நேரத்துக்குள் மெல்லிய எபாக்ஸி. அது ஈரமாக இருக்கும்போதே கம்பி பிரஷ்ஷால் உலோகத்துக்குள் தேய்த்துவிடுங்கள், எபாக்ஸிக்கும் இரும்புக்கும் நடுவே காற்றுச் சந்தே இருக்கக் கூடாது. அப்புறம் பள்ளங்களை நிரப்பும் மாவு, அதன்மேல் தடுப்பு எபாக்ஸி ஐந்தாறு கோட். செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட் அதற்கும் மேலே, ஒருபோதும் வெறும் இரும்பின்மேல் வேண்டாம். ஒரு துத்தநாகக் கட்டியைக் கீலில் உலோகத்தோடு உலோகம் படும்படி போல்ட் போட்டு வையுங்கள். அதற்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், அடித்தால் அது சும்மா தொங்கும்.

நீர்க்காகம்

மூன்று தடவை கழுவி மூன்று தடவை மணல். நாலாவது காலையில் பொட்டு இல்லை. எபாக்ஸி, மாவு, தேய்ப்பு, மறுபடி மாவு. கைவைத்துத் தடவினால் கண்ணாடி. வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை.

நீர்க்காகம்

நேற்று படகை இறக்கினோம். கீல் பெட்டிக்குள் போகவில்லை.

பழையமாலுமி

எவ்வளவு கனம் ஏற்றினாய்?

நீர்க்காகம்

கழற்றியபோது நடுவில் 44 மில்லி. இப்போது 51. பெட்டியின் வாய் 52 என்றாலும் உள்ளே ஒரு இடத்தில் 50 தான். பக்கத்துக்கு மூன்றரை மில்லி மாவும் பெயின்டும் எப்போது ஏறியது என்றே தெரியவில்லை. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

பழையமாலுமி

மேலே போய்ப் படி. அளந்து எழுதி வை என்று சொன்னது எதற்கென்று நினைத்தாய்?

நீர்க்காகம்

அளந்து எழுதி வைத்தேன் ஐயா. எழுதிய காகிதத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசல்காரன்

எல்லோரும் ஒரு தடவை செய்வதுதான். பெட்டியைத் தேய்த்து அகலமாக்கப் போகாதீர்கள், கீல் பக்கவாட்டில் தள்ளும் பலம் முழுக்க அந்த வாயின் ஓரத்தில்தான் விழுகிறது. அந்த ஃபைபர் கனம் குறையக் கூடாது. கீலைத்தான் தேய்க்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மில்லி எடுத்து 47க்கு வந்தால் இறுக்கமான இடத்திலும் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மில்லி கிடைக்கும். பெட்டிக்குள் தேய்க்கும் பூச்சும் பாசியும் அதில் அடங்கட்டும். மறுபடி தூக்குவதற்கு முன்னால் 47 மில்லி கனத்தில் ஒரு ஒட்டுப்பலகையை வெட்டிப் பெட்டிக்குள் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

பெட்டி திறந்திருக்கும்போதே டார்ச் அடித்து உள்ளே பின்முனையைப் பாருங்கள். தரை தட்டிய படகுகளில் விரிசல் அங்கேதான் தொடங்கும். விரல் நகத்தை ஓட்டினாலே தெரியும்.

நீர்க்காகம்

பின்முனையில் முடி கனத்தில் ஒரு கோடு இருந்தது. தேய்த்துப் பார்த்தால் மேல்பூச்சோடு நின்றுவிட்டது, ஆழம் இல்லை. எபாக்ஸி துணி இரண்டு சுற்று போட்டுவிட்டேன். கீலைத் தேய்த்து 47 ஆக்கி, தடுப்பு எபாக்ஸி மறுபடி பூசி, இன்றைக்கு ஏற்றியாகிவிட்டது. எல்லாப் பூச்சும் சேர்த்து நடுவில் 47.5. ஒட்டுப்பலகையும் ஓடியது, கீலும் ஓடியது.

கேபிளையும் மாற்றினேன். பழையதைப் பஞ்சால் தடவியபோது கீல் பக்க முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பஞ்சு மாட்டியது. எட்டு இழை அறுந்து மீன்முள் மாதிரி நின்றிருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை.

ஈயக்குண்டு

அந்த ஃபைபர் கீல் படம் இன்னும் இருக்கிறதா? எனக்கு அனுப்ப முடியுமா?

நீர்க்காகம்

அனுப்புகிறேன். ஓரத்தில் அரைப்பாயின் 390 கிலோவையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி முதல் தடவையாக நங்கூரத்தில் படுத்தேன். சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால் தூக்கம் வராமல் இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், கீல் இருக்கிறதா என்று.

ஒரே ஒரு கேள்வி. காலையில் நல்ல காற்று. ஐந்து நாட் வேகம் தாண்டியதும் அடியிலிருந்து ம்ம்ம் என்று தம்பூரா மீட்டுகிற மாதிரி ஒரு முழக்கம். வேகம் குறைந்தால் நின்றுவிடுகிறது. இது என்ன?

பழையமாலுமி

புதுக் கேபிள். தண்ணீர் அதன் இரு பக்கமும் மாறி மாறிச் சுழித்துப் போகும்போது கம்பி அதிர்கிறது. கெடுதல் ஒன்றுமில்லை. வின்ச்சில் ஒரு பல் இறுக்கிப் பார், சுருதி மாறும். தளர்த்தி மட்டும் விடாதே.